ஒட்டகத்துக்கு அரை லிட்டர்

கிரேன் ஓட்டுபவனைக் கட்டட சைட்டில் எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவனுக்கு அதில் உள்ளூரப் பெருமை. காலையில் இரும்பு ஏணி வழியாக ஏறிக் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் இறங்குவான். நடுவில் ஒன்றுக்குப் போக இறங்கினால் கான்கிரீட் தொட்டி அந்தரத்தில் தொங்கும். கீழே ஒரு தளமே வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கும். அந்தப் பார்வையை அவனால் தாங்க முடியாது. மற்ற ஆபரேட்டர்கள் காலி பாட்டிலில் சமாளித்தார்கள். நாலு பக்கமும் கண்ணாடி உள்ள அறையில், மேகத்துக்கு முன்னால்கூட அவனுக்குக் கூச்சம். எனவே தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டான். நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துப் பாதியைத் துப்புவான்.

கீழே நின்று சைகை சொல்பவனுக்குக் கிளி என்று பெயர். வாக்கி டாக்கியில் எதையும் இரண்டு முறை சொல்லியே பழக்கப்பட்டவன்.

“அண்ணே, மெதுவா எறக்கு, மெதுவா எறக்கு. தண்ணி குடிச்சியா, தண்ணி குடிச்சியா?”

“ஒட்டகத்துக்கிட்ட கேக்குற கேள்வியாடா இது?”

கருவியின் இரைச்சலுக்குள் இருவரும் சிரிப்பார்கள்.

வீட்டில் அந்தக் கேள்வியை அவன் மனைவி கேட்டாள். அவள் சலவைக் கடையில் இஸ்திரி போடுபவள். “பகல்லதான் முடியல. நம்ம வீட்டு பாத்ரூம் என்ன பாவம் பண்ணுச்சு? ராத்திரியாவது குடிங்களேன்.”

“ராத்திரி குடிச்சா தூக்கம் போகும். தூங்காம மேல ஏறினா கீழ நிக்கிற கிளி தலை போகும். பரவால்லையா?”

“அவன் தலையில என்ன இருக்கு போறதுக்கு?”

அவனுக்கு விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு தொட்டியை இறக்குவான். ஒருநாள் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, தெருமுனை டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். சிறுநீரகத்தில் கல்லாக இருக்கும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்படியே ரத்தத்தையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். மனைவியின் காதில் தண்ணீர் மட்டும் விழுந்தது. மாத்திரையில் வலி நின்றுவிட்டதால், பரிசோதனைச் சீட்டு சட்டைப்பையிலேயே கிடந்து சட்டையோடு துவைபட்டுக் கூழாயிற்று.

காய்ச்சலின் அசதி தீரட்டும் என்று அவன் லீவு போட்டான். அவள் கட்டிலை இழுத்துக் குளியலறைக் கதவை ஒட்டிப் போட்டாள். தலைமாட்டில் எந்நேரமும் பாட்டில்கள் நிரம்பியிருந்தன. தான் கடைக்குப் போகும் முன் ஒன்று, வந்ததும் ஒன்று என்று எதிரில் நின்று குடிக்கவைத்தாள். இத்தனை வருடம் கழித்துத் தன் பேச்சுக்கு அவன் மடங்கியதில் அவள் நடையே மாறிவிட்டது. கடையில் துணி தேய்த்தபடி ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளி பார்க்க வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“அண்ணே, கன்னம் வெச்சிருக்கே! கன்னம் வெச்சிருக்கே!”

“கண்ணு வைக்காதே” என்றாள் அவள். குரலில் குதூகலம். “காஞ்சு கெடந்த ஒடம்பு தம்பி. இப்பத்தான் ஊறுது.”

“ஒட்டகம் இனிமே யானை அண்ணி.”

அவன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தான். உள்ளே ஒரு தடித்த, சாந்தமான முகம் இருந்தது. அதை அவனுக்கும் பிடித்திருந்தது. இரவில் அவள் அவன் கணுக்காலைப் பிடித்துவிட்டபோது கட்டைவிரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. நீர் தெளித்து மடித்து வைத்த துணியில் விரல் பதிவது போல என்று நினைத்துக்கொண்டாள். சிறுநீர் சரியாகப் போகவில்லை என்று அவன் சொன்னதற்கும் அவளிடம் பதில் இருந்தது. “வறண்ட மண்ணுல ஊத்துனா உடனே வழியுமா? உள்ள இழுக்குது.”

ஒரு காலை அவனால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்து, முன்னால் குனிந்து, வாயைத் திறந்து காற்றை அள்ளினான். மார்புக்குள் பாதி நிறைந்த பாட்டிலைக் குலுக்குவது போலச் சத்தம். அவள் போன் செய்ததும் கிளி ஓடிவந்து தூக்கிக்கொண்டு போனான். வழியெல்லாம் அவன் எதையும் இரண்டு முறை சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சிறுநீரக டாக்டர் ஓர் அம்மாள். “முகம் வீங்குனப்பவே ஏம்மா வரல?”

“வீக்கம்னு தெரியலைங்க” என்றாள் மனைவி. “தேறிட்டார்னு நெனச்சோம்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

“தண்ணி குடிக்காததாலயா டாக்டர்?” என்று அவளே கேட்டாள்.

“வருஷக்கணக்கா கல்லு வந்து வந்து அடைச்சிருக்கு. அப்பவே ஒழுங்கா குடிச்சிருந்தா, வலி வந்ததும் காட்டியிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காது. கிட்னி வேலை செய்யறப்ப தண்ணி மருந்து. நின்னுட்டா, போக வழியில்லாம அதே தண்ணி நுரையீரல்ல போய்த் தங்கிடும்.”

“இனிமே?”

“ஒரு நாளைக்கு அரை லிட்டர். மருந்துக்குக் குடிக்கிறதும் அதுலதான். வாரம் மூணு தடவை டயாலிசிஸ்.”

“எத்தனை நாளைக்குங்க?”

“வேற கிட்னி வைக்க இவர் இதயம் தாங்காது” என்றார் டாக்டர். கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று அவளுக்குப் புரிந்தது.

கட்டில் குளியலறைக் கதவிலிருந்து பழைய இடத்துக்குத் திரும்பியது. மருந்து மூடியால் அளந்து அளந்து அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் உதட்டை நனைத்து, நாக்கில் உருட்டி, விழுங்காமல் வாயிலேயே வைத்திருப்பான். கிரேனில் ஒரு நாளும் தோன்றாத தாகம் இப்போது பகல் முழுக்க அவனோடு படுத்திருந்தது. கனவில் மழை பெய்ததாம். வாயைத் திறந்தால் நின்றுவிட்டதாம். சொல்லிவிட்டுக் குழந்தை போலக் கோபித்துக்கொண்டான்.

ஒருநாள் கடையிலிருந்து அவள் சீக்கிரமே வந்தபோது, அவன் குளியலறையில் குழாய்க்குக் கீழே வாயை வைத்து மண்டியிட்டிருந்தான். தோளைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் அவனும் அவளும் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“நீதானேடி குடி குடின்னு உசிரை வாங்குனே! இப்ப குடிக்கிறேன், விடு!”

“அன்னிக்குக் குடிங்கன்னேன், கேக்கல. இன்னிக்கு வேணாங்கறேன், கேக்கல. என்னிக்குத்தான் நான் சொல்றதைக் கேப்பீங்க?”

அவன் சிரிக்கப் பார்த்தான். மூச்சு இடம் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அவன் காதுபட அவள் குழாயைத் திறப்பதில்லை. வீட்டில் தண்ணீர் குடிப்பது அவனிடமிருந்து திருடுவது போலிருந்தது. கடையிலும் டம்ளரை எடுத்தால் அந்த உதடுகள் நினைவுக்கு வர, கீழே வைத்துவிடுவாள். நீராவிக்கு நடுவே தலை சுற்றும். மேசையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சட்டையை விரிப்பாள். சிறுநீர் எரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் அவளை அவன் கூர்ந்து பார்த்தான்.

“எப்பக் குடிச்சே?”

“கடையில.”

“பொய் சொல்லாதே. இந்த உதடு எனக்குத் தெரியாதா? எடுத்துட்டு வா. இங்க உக்காந்து குடி.”

“உங்க முன்னாலயா? வேணாங்க.”

“நான் பாக்கணும்.”

அவள் பெரிய டம்ளரில் மொண்டுவந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். முதல் வாய் தொண்டையில் கல்லாக நின்று இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். திறந்தபோது, அவளோடு சேர்ந்து அவன் தொண்டையும் வெறுமனே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“இன்னொண்ணு” என்றான்.

மொண்டு வந்து அதையும் குடித்தாள். கடைசிச் சொட்டு போகும்வரை பார்த்துவிட்டு அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவள் காலி டம்ளரை மடியில் வைத்தபடி, எழுந்து போகத் தோன்றாமல், அப்படியே உட்கார்ந்திருந்தாள்.