அப்பா பேரில் ஒரு மனு

காத்தமுத்து, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையாலேயே பக்கத்திலிருந்த இரும்பு ஸ்டாண்டைப் பிடித்து வீசினார். அது நர்ஸ் இசபெல்லாவின் நெற்றியில் பட்டுத் தரையில் உருண்டது. வெந்நீர் வாங்கி வந்த வினோதா, பிளாஸ்க்கோடு வார்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அவளுடைய அப்பா காத்தமுத்து வரிச்சிக்குடியில் முப்பது வருஷம் டிராக்டர் ஓட்டியவர். பெற்ற பிள்ளைகளை ஒருநாளும் கைநீட்டி அடித்ததில்லை. சிறுநீரகம் இரண்டும் கெட்டு, ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைக் கலக்கியதில், மூன்று நாளாக அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. இப்போது கட்டிலைவிட்டு இறங்கி, ஊசி பிய்ந்த இடத்தில் ரத்தம் சொட்ட, "மடைய தொறந்தவன் எவன்டா? நாத்தெல்லாம் முழுகுதுடா" என்று கத்தியபடி அடுத்த கட்டிலை நோக்கிப் போனார். அங்கே கால் எலும்பு முறிந்த கிழவர் ஒருவர் நகர முடியாமல் கிடந்தார்.

இன்னொரு நர்ஸ் ரீட்டா, கீழே காவலாளிக்குப் போன் அடித்தாள். ஆஸ்பத்திரி முழுமைக்கும் அவர் ஒருவர்தான். அவரும் வாசலில் வண்டிகளை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

இசபெல்லா ஓடவில்லை. கண்ணில் இறங்கிய ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துவிட்டு, இரண்டு கட்டில்களுக்கும் நடுவே போய் நின்றாள். அப்பாவின் தோள் உயரத்துக்குக்கூட வரமாட்டாள்.

"மடைய அடைச்சாச்சுங்கய்யா. நாந்தான் அடைச்சேன்."

ஓங்கிய கை நின்றது.

"மண்ணு போட்டு மிதிச்சியா?"

"நல்லா மிதிச்சிட்டேங்கய்யா. தண்ணி வடியுது. செத்த ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். அவள் தோளில் மெல்லத் தலையைச் சாய்த்துக்கொண்டார். "நாந்தாம்ப்பா வினோதா" என்று மூன்று நாளாக அழுது கூப்பிட்டும் எட்டாத இடத்துக்கு, அந்தப் பெண் ரத்தம் வழிய நடந்துபோய் அவரைக் கூட்டி வந்துவிட்டாள்.

பகல் இரண்டரை மணிக்கு அப்பாவின் மூச்சு அடங்கியது.

நெற்றியில் மூன்று தையலோடு இசபெல்லா திரும்பி வந்தாள். வீட்டுக்குப் போகலாம் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் மாற்று ஆள் இல்லை. அப்பாவின் உடம்பிலிருந்து குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தாள். "ஐயா, இந்தப் பக்கம் திருப்புறேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் திருப்பினாள். வாய் திறந்துகொள்ளாதபடி நாடிக்கட்டுப் போடும்போது, முடிச்சு கன்னத்தில் உறுத்தாதபடி தள்ளி வைத்தாள். வினோதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரீட்டா தயங்கித் தயங்கி ஒரு வெள்ளைத்தாளோடு வந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க வினோதா. வார்டுக்கு ஒரு காவலாளி போடுங்கன்னு நாலு தடவ எழுதிக் குடுத்துட்டோம். நேர்ல பாத்தவங்க யாராச்சும் எழுதித் தந்தாங்களான்னு ஆபீஸ்ல கேக்குறாங்க. காலையில நடந்தத நீங்க எழுதித் தர முடியுமா?"

சேதி கேட்டு வந்து அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அண்ணன் மாறன் எழுந்து வந்தான்.

"பொணம் இன்னும் சூடு ஆறல. அதுக்குள்ள எங்கப்பாவ ரவுடின்னு எழுதச் சொல்றீங்களா?"

"வேணாம் ரீட்டா, விட்டுடு" என்றாள் இசபெல்லா. "அது அவரு செஞ்சதில்ல. நோவு செஞ்சது."

"அதையும் சேத்தே எழுதுறேன் சிஸ்டர்" என்று வினோதா தாளை வாங்கிக்கொண்டாள்.

"ஊர்ல என்னா பேசுவாங்கன்னு தெரியுமா ஒனக்கு?"

"அப்பாவுக்கு நெனவு இருந்திருந்தா அவரே கையெழுத்துப் போட்டிருப்பாருண்ணே."

மாறன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

'என் தகப்பனார் காத்தமுத்து' என்று தொடங்கினாள். 'அடித்தார்' என்ற சொல்லுக்கு வந்ததும் பேனா நின்றது. 'நினைவு தப்பிய நிலையில்' என்று முன்னால் சேர்த்து, அந்தச் சொல்லை எழுதினாள். அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. 'சிஸ்டர் ஓடவில்லை' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மாறன் வந்து அதை வாங்கிப் படித்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தங்கை பெயருக்குக் கீழே தன் பெயரையும் எழுதினான்.

ஸ்ட்ரெச்சரை லிப்டுக்குள் தள்ளினார்கள். கதவு மூடும் நேரத்தில் வார்டின் கோடியில் யாரோ கெட்ட வார்த்தையில் கத்துவது கேட்டது. ஏதோ விழுந்து உடைந்தது. வினோதா எட்டிப் பார்த்தாள்.

இசபெல்லா கையுறையை மாட்டிக்கொண்டே, சத்தம் வந்த பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.