நட்சத்திரத்தின் கடைசி முனை

"மாப்பிள்ளை" என்று மாமியார் கூப்பிட்டபோது அவன் தையல் மெஷினில் பாதிக் கோட்டில் இருந்தான். "ஒரு நிமிஷம் அத்தை, இந்தக் கோட்டை முடிச்சுட்டு வரேன்" என்றான், திரும்பாமலே.

காகிதத்தில் போட்ட கோட்டின் மேல் தைக்கும்போது நடுவில் கையை எடுத்தால் ஊசி ஒரு நூல் நகர்ந்துவிடும். அந்த ஒரு நூல் போதும், துணியில் தைக்கும் நட்சத்திரத்தின் முனை மழுங்கிப்போகும். பட்டுத் தெரிந்துகொண்டது. அதுவுமில்லாமல் மாமியார் காலையிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். தலையணையை நகர்த்த, மின்விசிறியைக் குறைக்க, குறைத்ததைக் கூட்ட, ஜன்னலில் வந்து உட்கார்ந்த புறாவை விரட்ட.

இடுப்பு எலும்பு முறிந்து அவர் படுத்தபோது அவன் வேலை பார்த்த அச்சகமும் மூடிக் கிடந்தது. மனைவிக்கு வங்கியில் கவுண்டர் வேலை. சும்மா இருக்கிறவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அப்படியே ஆகிப்போனது. ஏற்கெனவே வீட்டோடு மாப்பிள்ளை, இப்போது அறையோடு மாப்பிள்ளை என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வான். சிரிப்பு வராது. அறைக்கு இருந்த ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கையை நீட்டித் தொடலாம். தெருமுனை வரை காலாற நடந்துவிட்டு வரலாம் என்று செருப்பை மாட்டுவான். உள்ளேயிருந்து குரல் வரும். தொலைபேசி நிலையத்தில் காலமெல்லாம் பேசிப் பழகிய குரல் அது. உடம்பு ஒடுங்கியும் குரல் ஒடுங்கவில்லை.

மனைவியின் தையல் மெஷின் அந்த அறையில்தான் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்ததால், ஒருநாள் கைபேசியில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் வீடியோவைப் பார்த்து ஆரம்பித்தான். உருவத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு, துண்டுத் துணிகளை அதற்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்து, மேலே தெரியும் கோட்டின் மேலேயே தைக்க வேண்டும். தைத்ததும் துணியைத் திருப்பி மடித்துத் தேய்த்துவிட்டு அடுத்த துண்டு. கடைசியில் காகிதத்தைக் கிழித்தெடுத்துவிட வேண்டியதுதான். கேட்க என்னவோ சுலபம். ஆனால் தைப்பவன் கண்ணுக்குக் காகிதம்தான் தெரியும், துணி தெரியாது. அடியில் வைத்த துண்டு, திருப்பியதும் இடத்தை மூடாமல் பல்லை இளிக்கும். இல்லாவிட்டால் நல்ல பக்கம் உள்ளே போய், வெளுத்த பின்பக்கம் வெளியே வந்து நிற்கும். காகிதம் பிற்பாடு சுலபமாகக் கிழிய வேண்டும் என்று தையலைப் பொடிப்பொடியாகப் போடச் சொல்கிறார்கள். தப்பாகப் போய்விட்டால் அதைப் பிரிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும்.

மாமியாருக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. தப்பு மட்டும் கட்டிலிலிருந்தே தெரிந்துவிடும். அவன் துணியைத் திருப்பிய மாத்திரத்தில் "பிரிங்க மாப்பிள்ளை" என்பார். அதைச் சொல்வதில் அவருக்கு ஒரு தனி சந்தோஷம். மொத்தத்தையும் சுருட்டிக் குப்பைக்கூடையில் எறிந்திருக்கிறான். இந்தக் குரல் ஓயவே ஓயாதா என்று நினைத்திருக்கிறான். நினைத்ததற்காகக் கூசிப்போய், அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கால் பிடித்துவிட்டிருக்கிறான்.

முதன்முதலாக ஒரு நட்சத்திரம் எட்டு முனையும் கூராக வந்து உட்கார்ந்தபோது அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அச்சகத்தில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறான், இப்படி ஒன்று அவன் கையிலிருந்து வந்ததில்லை. மாமியார் கையை நீட்டினார். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெஞ்சின் மேல் போட்டுக்கொண்டார். சாயங்காலம் ஊசி போட வந்த நர்ஸிடம், "எங்க மாப்பிள்ளை தச்சது. தொடாதீங்க, கை ஈரமா இருக்கு" என்றார். அடுத்த நட்சத்திரத்துக்கு நீலத் துணியா பச்சைத் துணியா என்று அவரைக் கேட்காமல் அவன் வெட்டியதில்லை. மெஷின் சத்தம் இல்லாவிட்டால் பகல் தூக்கம் வரவில்லை என்று அவரும் குறைப்பட ஆரம்பித்தார்.

இன்றைய நட்சத்திரத்தில் கடைசி முனைதான் பாக்கி. கோடு முடிந்தது. நூலை வெட்டினான், துணியைத் திருப்பி நகத்தால் அழுத்தினான்.

வெளுத்த பக்கம். ஆரம்பத்தில் செய்த அதே தப்பு, இத்தனை நாள் கழித்து. அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டி, "சொல்லிடுங்க அத்தை" என்றான்.

ஒன்றும் வரவில்லை. தூக்கிய கையோடு கொஞ்ச நேரம் இருந்தான். பிறகுதான் திரும்பிப் பார்த்தான். அவர் முகம் அவன் பக்கமாகத்தான் இருந்தது.

அதன் பிறகு வீடு நிறைய ஆட்கள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மனைவி பையைத் தோளிலிருந்து கழற்றாமலே கட்டிலருகே உட்கார்ந்தாள். அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாராவது கையைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்திருக்க மாட்டான் என்றார் மனைவியின் சித்தப்பா. கஷ்டப்படாமல் போனாரா என்று கேட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று அவன் சொன்னான். சித்தப்பா அதை வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். நல்ல சாவு, மாப்பிள்ளை பக்கத்திலேயே இருந்திருக்கிறார் என்று அவர்களும் சொல்லிக்கொண்டார்கள். கேட்கக் கேட்க அவனுக்கு அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து போகவும் வழியில்லை, நாற்காலியைச் சுற்றி ஆட்கள்.

எல்லாம் முடிந்து, மறுநாள் மாலை கடைசி உறவினரும் கிளம்பிப் போனார். மனைவி விரிப்பு உருவிய கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

சித்தப்பாவிடம் சொன்னதையே சொல்லிவிடலாம். சொன்னால் அதோடு முடிந்தது. அவன் வாய்க்கு அது வரவில்லை.

"கூப்பிட்டாங்க" என்றான். "நான் தச்சுக்கிட்டிருந்தேன். ஒரு நிமிஷம்னு சொன்னேன். திரும்பிப் பாக்கல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. அவள் மெத்தையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"தெரியல."

"தண்ணி கேட்டிருப்பாங்களோ?"

"தெரியலயே."

அவள் சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நேத்து காலைல நீங்க குளிக்கப் போனப்ப எனக்கு போன் பண்ணாங்க. கவுண்டர்ல கூட்டம். கட் பண்ணிட்டேன். மத்தியானமா பேசிக்கலாம்னு."

உன் மேல் என்ன தப்பு என்று சொல்ல வாயெடுத்தான். அவளுக்குச் சொன்னால் தனக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டதாகிவிடும் என்று பட்டது.

ஜன்னல் திறந்திருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ ஒரு பெண், உள்ளேயிருந்து யாரையோ கூப்பிட்டாள்.

அவனும் அவளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள்.