டிஷ்வாஷரில் வெந்த புரதம்

1

இந்தக் கதை பிறந்த இடம் ஒரு டிஷ்வாஷர். பொத்தானை அழுத்திய பாவி நான்.

அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் அபார்ட்மெண்டில் நம்மவர்கள் யாரும் டிஷ்வாஷரை ஓட்டுவதில்லை. கையால் தேய்த்த பாத்திரத்தை அதற்குள் கவிழ்த்து வைப்போம். எங்களுக்கு அது கதவு போட்ட பாத்திர அலமாரி. என் மனைவி விஷாகா, தன் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த ஒரு புரத மாதிரியைத் தூசி போகக் கழுவி, அங்கே தோசைத் திருப்பிக்குப் பக்கத்தில் காயவைத்திருந்தாள். தமிழ்ச் சங்க மலரின் ஆசிரியர் கிட்டுசாமி அங்கிள் அன்று காப்பிக்கு வருவதாக இருந்தார். நாகரிகமான வீடு என்று காட்ட வேண்டாமா? ஓட்டிவிட்டேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் தடவையாக.

[இங்கே ஒரு சிரிப்பு வர வேண்டும். வராவிட்டால் பரவாயில்லை, எனக்கும் அன்று வரவில்லை.]

மாதிரி என்றால் ஒரே அச்சில் வார்த்த நாலு பிளாஸ்டிக் துண்டுகள். உள்ளே சின்னச் சின்னக் காந்தம். கிட்டே கொண்டுபோனால் டக்கென்று பிடித்துக்கொண்டு ஒரே உருண்டையாகிவிடும். நான் கதவைத் திறந்தபோது நீராவிக்கு நடுவே நாலும் பிரிந்து, முறுக்கிக்கொண்டு கிடந்தன. ஆறியதும் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தேன். மடக்கென்று ஒடிந்து சிதறியது. பொறுக்கினேன். எல்லாச் சில்லும் கிடைக்கவில்லை.

கிட்டுசாமி அங்கிள் காப்பியைக் குடித்துவிட்டு, "மலருக்கு ஒரு பேய்க்கதை குடுப்பா, ஜெயபிரகாஷ். லைட்டா இருக்கட்டும், குழந்தைங்களும் படிக்கும்" என்றார்.

2

முதல் தொடக்கம்: அந்த வீட்டில் நாலு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்—

இல்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர்தான்.

இரண்டாவது தொடக்கம்: புரதம் என்பது யாதெனில்—

ஐயோ, வேண்டாம். விஷாகாவே சொல்லட்டும். வெந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சொன்னது இது:

"இது எல்லார் ரத்தத்துலயும் இருக்கு, ஜேபி. நாலு சப்யூனிட்டும், அதாவது இந்த நாலு துண்டும், அச்சு அசலா ஒண்ணுதான். ஒண்ணை ஒண்ணு பிடிச்சிட்டிருக்கிற வரைக்கும் சமர்த்தா ஹார்மோனைச் சுமந்துட்டுப் போகும்."

"பிடி விட்டா?"

"விட்ட துண்டு சும்மா இருக்காது. மடிப்பு அவிழ்ந்து உருவம் மாறிடும். அதே மாதிரி மாறின இன்னொண்ணோட ஒட்டிக்கும். அதோட இன்னொண்ணு. நூல் மாதிரி நீண்டுட்டே போகும். நரம்புல படியும், ஹார்ட்ல படியும்."

"எல்லாருக்குமா?"

"சில குடும்பத்துல மரபணுல ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். அவங்களுக்குப் பிடி லூஸ்."

சில குடும்பம் என்றால் அவள் குடும்பம். அவள் அப்பா வெங்கடகிருஷ்ணன் ஒருநாள் மாம்பலத்தில் காய்கறி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று வழியில் எங்கே கழன்றது என்று அவர் பாதத்துக்குத் தெரியவில்லை. வீடே சிரித்ததாம். கொஞ்ச காலத்தில் கால் சுத்தமாக மரத்தது. அப்புறம் இதயம் நின்றது.

அந்த எழுத்து விஷாகாவுக்கும் மாறியிருக்கிறதா? பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். "டெஸ்ட் பண்ணியா?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அவள் சப்யூனிட்டைப் பற்றிப் பேசுவாள். இந்தக் கதையிலிருந்து எனக்கு வேண்டியது அந்த ஒரு பதில்தான். பேயெல்லாம் கிட்டுசாமி அங்கிளுக்கு.

3

சரி, பேய்.

உடையாத மூன்று துண்டுகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு மைக்ரோவேவ் மேல் வைத்திருந்தேன். மறுநாள் காலையில் அவை ஃப்ரிட்ஜ் கதவில் இருந்தன. வரிசையாக, ஒட்டக் கூடாத பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, புழு மாதிரி.

"கயல், நீயா வெச்சே?"

"நோப்" என்றாள் மகள். "இட்ஸ் க்ரீப்பி, அப்பா. மேக் இட் ஸ்டாப்."

"காந்தம்னா ஒட்டத்தான் செய்யும்" என்றாள் விஷாகா.

கிண்ணத்திலிருந்து இறங்கி நடந்து போயா? கேட்கவில்லை. பிரித்தெடுத்தேன். ஒழுங்காக இருந்த காலத்தில் குழந்தைகூடப் பிரிக்கும். இப்போது நகம் பெயர்ந்தது. மறுநாளும் கதவில் அதே வரிசை. ஒரு முனை மட்டும் காலியாக, வரப்போகிற யாருக்கோ இடம் போட்டு வைத்த மாதிரி.

(அடிக்குறிப்பு, நடுவிலேயே: நான் பயப்படவில்லை. பால் விடாத காப்பிக்கு மாறினேன், அவ்வளவுதான்.)

4

ஒரு கதாபாத்திரம் உதைக்கிறது. என் வரைவில் விஷாகா தபால் எடுக்கக்கூட லேஸ் கட்டின ஷூ போட்டுக்கொண்டு போகிறாள். பனி கொட்டும்போதும் ஹவாய் செருப்போடு திரிகிறவள் அவள். வாசகர் நம்பமாட்டார் என்று அந்த வரியை அடித்தேன். சந்தேகம் வந்து வாசலில் போய்ப் பார்த்தேன். ஷூதான் இருந்தது. செருப்பைக் காணோம்.

வரியைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.

இனி முடிவுகள்.

அ: மாமனார் ஆவியாக வந்து துண்டுகளை ஒட்டுகிறார். (உயிரோடிருந்தபோதே அவர் ஃப்ரிட்ஜ் பக்கம் போனதில்லை.)

ஆ: விஷாகாவுக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் பீட்சா சாப்பிடப் போகிறார்கள்.

இ: விஷாகாவுக்கு

5

மன்னிக்கவும், பாதியில் நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தேன். விஷாகா தோசை வார்த்துக்கொண்டிருந்தாள், வெறுங்காலோடு. தரையில் குங்குமம் சிந்தியிருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன்.

குங்குமம் குதிகால் வடிவத்தில் சிந்தாது. ஃப்ரிட்ஜிலிருந்து சிங்க்குக்கு, சிங்க்கிலிருந்து அடுப்புக்கு. ஒரு கால் தடம் மட்டும். முடிகிற இடத்தில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு நின்றாள். குதிகாலில், எனக்குக் கிடைக்காத அந்த வெள்ளைச் சில்லு, ஆழமாக.

"விஷா."

"என்ன, முறுகலா வேணுமா?"

"காலைப் பாரு."

பார்த்தாள். அடுப்பை அணைத்தாள்.

"வலிக்கலையா?"

"ஓ, இந்தச் சில்லா? இந்த இடத்துலதான் ரெண்டு சப்யூனிட்டும் ஒண்ணை ஒண்ணு—"

"புரதம் வேண்டாம், விஷா. உனக்கு இருக்கா?"

[இங்கே கதாசிரியன் ஒரு நல்ல வாக்கியம் எழுத வேண்டிய இடம். கை ஓடவில்லை.]

ஃப்ரிட்ஜ் கதவில் மூன்றும் தொங்கின. காலி முனை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவற்றை ஒட்டியது யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்கு இனி அது தேவையில்லை.

அவள் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இருக்கு. தீபாவளிக்கு முன்னாடியே ரிசல்ட் வந்துடுச்சு. பாதம் ரெண்டும் என்னுதுன்னே தெரியல, ஜேபி. நாலையும் பிரியவிடாம பிடிச்சு வெக்கிற மாத்திரை ஒண்ணு இருக்கு, ஆரம்பிக்கலாம்ங்கறார் டாக்டர். கயலுக்கு இருக்கான்னு தெரியாது. அதுக்குத்தான் வாயைத் திறக்கல. பயமா இருக்கு. எழுதினது போதும், போய்ப் பஞ்சு எடுத்துட்டு வா."