வியாழக்கிழமை மேசைகள்

கடைசிச் சீட்டாக ஆறு விழுந்தபோது யாவோரின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அவன் கையில் ராஜா ஜோடி. எதிராளி, எந்த நாட்டுக்காரனோ, வெறும் ஆறு ஜோடியை நம்பி இருந்த பணம் முழுவதையும் முன்னால் தள்ளியிருந்தான். இப்படி நூறு தடவை மோதினால் எண்பது தடவை யாவோர் ஜெயிக்க வேண்டும். அந்த ஆறோடு எதிராளிக்கு மூன்று ஆறு சேர்ந்துவிட்டது; இது மிச்ச இருபதில் ஒன்று. ஐந்து மாதங்களாக அந்த மிச்ச இருபதுதான் வந்துகொண்டிருந்தது. திரையில் அவன் பணம் மேசையின் மறுபக்கத்துக்குச் சறுக்கிக்கொண்டு போவதை, பக்கத்து வீட்டுக்காரன் சாமான் ஏற்றிப் போவதைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். மணி பதினொன்று பத்து. அன்றைக்கு அது மூன்றாவது தோல்வி.

மானிட்டரின் ஓரத்தில் அவன் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மூன்று தோற்றால் எழுந்திரு. கோபத்தில் உட்காராதே. குடித்துவிட்டு உட்காராதே. எட்டு வருடங்களில் ஒட்டிய டேப்பைப் பலமுறை மாற்றியிருக்கிறான், வாசகத்தை மாற்றியதில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த வேலையை விட்டுவிட்டு இணையப் போக்கர்தான் பிழைப்பு என்று இறங்கியபோது, ஆற்றங்கரையிலிருந்த ரூசே நகரத்தில் அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆறு மாதம் கெடு வைத்தார்கள். அவன் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் திறமைகூட இல்லை, அந்தத் தாள்தான். அவன் மேசையைக் குத்தியதில்லை. திரையைப் பார்த்துத் திட்டியதில்லை. தோற்றதை அதே மேசையில் மீட்டே தீருவேன் என்று உட்கார்ந்ததில்லை.

திரையில் திறந்திருந்த நான்கு மேசைகளையும் மூடிவிட்டு எழுந்தான். சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நின்றபடியே குடித்தான். பால்கனிக் கதவு பாதி திறந்திருந்தது. அவன் மனைவி ரலிட்சா வெளியே ஏதோ கனமான ஒன்றைத் தரையில் இழுத்து நகர்த்திக்கொண்டிருந்தாள். மருந்துக்கடையில் அவளுக்கு வியாழக்கிழமை விடுப்பு. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். கவிழ்த்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு மேசைகளைத் திறந்தான்.

இவை சின்ன மேசைகள். கையிலிருப்பது மொத்தமும் போனால்கூட ஒரு மதியச் சாப்பாட்டுக் காசுதான் போகும். இதை அவன் ஆட்டம் என்று நினைப்பதில்லை. கை சும்மா இருக்க வேண்டாமே என்று உட்காருவது, அவ்வளவுதான். சீட்டுகள் வந்தன, போயின. பச்சை மேசைகள் ஆறும் மாறி மாறி மினுங்கின. எந்த மேசையில் என்ன வைத்திருக்கிறோம் என்று கேட்டால் அவனால் சொல்லியிருக்க முடியாது.

ஒரு மணிக்கு ஸ்தானிமிர் அழைத்தான். வர்னாவில் இருக்கிறான். முன்பு வங்கியில் குமாஸ்தா, இப்போது அவனுக்கும் இதே பிழைப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவன் ஆட்டத்தை இன்னொருவன் பிரித்துப் பார்த்துத் தப்புகளைச் சொல்வது என்பது அவர்களுக்குள் ஏற்பாடு. திரையில் முதலில் அவன் தாடி வந்தது, பிறகு முகம்.

"என்னடா, கழுவிக் கவுத்து வச்ச தட்டு மாதிரி இருக்கு மூஞ்சி?"

"எப்பவும் இருக்கிற மூஞ்சிதான்."

"அதத்தான் சொல்றேன்."

வழக்கமாக ஸ்தானிமிர் ஐந்தாறு ஆட்டங்களை எடுத்து வைத்து, நீ ஏன் இங்கே ஏற்றினாய், ஏன் அங்கே விட்டாய் என்று குடைவான். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் ஒரே தீர்ப்புதான் வந்தது: சரியாத்தான் ஆடியிருக்க. யாவோருக்கு அந்த வார்த்தையைக் கேட்பது சிரமமாகிவிட்டது. தப்பு என்றால் திருத்தலாம். சரியாக ஆடித் தோற்கிறவன் என்ன செய்வது? மறுநாள் மறுபடியும் சரியாக ஆட வேண்டும். இந்தத் தடவை ஸ்தானிமிர் பெரிய மேசைகள் மட்டும் போதாது, விளையாடிய அத்தனையும் அனுப்பு என்று கேட்டு வாங்கியிருந்தான்.

"ஒண்ணு கேக்கட்டுமா? வியாழக்கிழமை உனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. ஏன்?"

"மத்த நாள்ல நாலு மணி நேரம் ஆடுற. ஒழுங்கா எழுந்திரிக்கிற. வியாழக்கிழமை மட்டும் பதினோரு மணி நேரம். மே மாசத்துலேருந்து ஒரு வியாழன் விடல. எல்லாம் சின்ன மேசை."

"அது சும்மா பொழுதுபோக்கு. அத யாரு கணக்குல சேப்பா?"

"நீ சேக்கல. நான் சேத்தேன். மொத்தத் தோல்வில மூணுல ஒரு பங்கு அங்கதான் போயிருக்கு." ஸ்தானிமிர் சிரிக்கவில்லை. "பெரிய மேசைல தோத்தது கெட்ட ஓட்டம். யாருக்கும் வரும். சின்ன மேசைல தோத்தது நீயேதான். எதையும் கீழ வைக்கவே மாட்டேங்கிற. ரெண்டும் ஏழும் மாதிரி குப்பைச் சீட்டு வந்தாக்கூட கடைசி வரைக்கும் போயிப் பாக்குற. போன மாசம் ஒரு ஆட்டம், கையில ஏஸ் ஜோடி, அதுக்கு மேல சீட்டே இல்ல. எதையும் அழுத்தாம நேரம் முடியிற வரைக்கும் அப்படியே விட்டிருக்க. தூங்கிட்டியா?"

யாவோருக்கு அப்படி ஒரு ஆட்டம் நினைவில் இல்லை. தூங்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது.

"கோவத்துல ஆடுறவன எனக்குத் தெரியும்டா. நானே அந்த ரகம், நாலு மவுஸ ஒடச்சிருக்கேன். நீ கோவத்துல ஆடல. எழுந்திரிக்க மனசில்லாம ஆடுற. அதுக்கு உன் தாள்ல ஒண்ணும் எழுதல."

யாவோர் தாளைப் பார்த்தான்.

"ரலிட்சா வீட்ல இருக்காளா?"

"இருக்கா."

"என்ன பண்றா?"

"தெரியல. பால்கனில இருக்கா."

ஸ்தானிமிர் தாடியைச் சொறிந்தான். "சரி, இந்தத் தடவ அடுத்த வாரமே கூப்புடறேன்," என்று துண்டித்தான்.

யாவோர் ஹெட்போனைக் கழற்றி வயரை உருவினான். ஆறு மேசைகளும் அவனுக்காகக் காத்துக் காத்து, அவன் பெயரை மங்கலாக்கிவிட்டு, மற்றவர்களுக்குச் சீட்டுப் போடத் தொடங்கியிருந்தன. எழுந்திரிக்க மனசில்லாமல். அவன் அந்தச் சொற்களைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். பொய் என்று தோன்றவில்லை. ஆனால் அவை அவனை எதுவும் செய்யவும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல இருந்தது. எந்த இடம் என்று தெரிகிறது, தொட்டால் வலிக்கவில்லை.

ஏப்ரல் மாதம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் ரலிட்சா கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். பதினான்காவது வாரத்தில் கரு கலைந்திருந்தது. மூன்றாவது தடவை. "ஏன் நமக்கே இப்படி?" என்று கேட்டாள். அது கேள்வி இல்லை என்று அவனுக்கு அப்போது புரியவில்லை. கேள்விக்குப் பதில் சொல்வதுபோல அவன் சொன்னான்: "ஒவ்வொரு தடவையும் தனித்தனி, ரலி. இதனால அடுத்த தடவைக்கான வாய்ப்பு ஒண்ணும் கொறைஞ்சிடாது." ஆறுதலாகத்தான் சொன்னான். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் தனக்குச் சொல்லிக்கொள்வதில் நல்லதைத்தான் எடுத்து அவளுக்குக் கொடுத்தான். பேருந்தில் தன் இடத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுபோல அவள் அவனைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளுக்கு வியாழக்கிழமைகளில் விடுப்பு வந்துகொண்டிருந்தது.

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான்.

ரலிட்சா குளிர்காலத்துக்குச் சேமிக்க ஒரு மூட்டை சிவப்புக் குடைமிளகாயைச் சுவரோரம் சாய்த்து வைத்து, மிளகாய் சுடும் சின்ன மின் அடுப்பில் ஒவ்வொன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். சுட்டதைச் சட்டியில் போட்டுத் தட்டால் மூடியிருந்தாள். அவள் விரல் நுனிகள் கறுத்திருந்தன. அவன் வந்து நின்றதும் நிமிர்ந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இல்ல."

காலிப் பழப்பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அவன் உட்கார்ந்தான். அவள் சட்டியிலிருந்து ஒரு மிளகாயை எடுத்து அவன் கையில் வைத்தாள். சூடாக இருந்தது.

"நகத்தால நோண்டாத. காம்பப் புடிச்சிட்டு மேலேருந்து கீழ இழு. தானா வரும்."

அவன் இழுத்தான். கருகிய தோல் ஈரக் காகிதம்போலக் கழன்று வந்தது. இரண்டு, மூன்று, பத்து. விதை விரலில் ஒட்டியது. பல மாதங்களாக இவ்வளவு பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை என்பதை அவன் ஒரு செய்தியாகக் கவனித்தான்.

"ஆஸ்பத்திரில அன்னிக்கு நான் ஒண்ணு சொன்னேன்," என்றான்.

"ம்."

"அது..." கையிலிருந்த மிளகாயின் காம்பைத் திருகிப் பிய்த்தான்.

"சரியாத்தான் சொன்ன," என்றாள் ரலிட்சா. "டாக்டரும் அதையேதான் சொன்னாரு." மிளகாயை இரண்டாகக் கிழித்து விதையை வழித்தாள். "டாக்டர் சொல்லலாம், யாவோர்."

மூட்டையிலிருந்து இன்னொன்றை எடுத்து அடுப்பில் இறக்கி மூடினாள். பிறகு அதே குரலில், "பாதி அக்காவுக்கு. ஞாயித்துக்கிழமை ப்ளோவ்திவ்ல அவ வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"எத்தன நாளைக்கு?"

"போயிப் பாத்தாத்தான் தெரியும்."

அவன் தலையை ஆட்டினான். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று அவளும் கேட்கவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. இந்த இடத்தில் ஏதாவது சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஒன்று போய்விடும் என்று மட்டும் புத்திக்குத் தெரிந்தது. போகாதே என்று சொல்லலாம். நானும் வருகிறேன் என்று சொல்லலாம். இரண்டையும் எடைபோட ஆரம்பித்ததை உணர்ந்து நிறுத்தினான்.

உள்ளே அறையில் ஒரு மணி ஒலித்தது. வெகுநேரமாக ஆளில்லாத இருக்கையைப் பறிப்பதற்கு முன் மேசை கொடுக்கும் எச்சரிக்கை. ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று.

"உள்ள கூப்புடுது," என்றாள்.

"கூப்புடட்டும்."

அவள் கை நின்றது. இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆறு மேசைகளும் கொஞ்ச நேரம் சேர்ந்து ஒலித்து, ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி ஒன்று மட்டும் நெடுநேரம் விடாமல் ஒலித்து, அதுவும் நின்றது.

"தோள் பூட்டு வலிக்குது," என்றான் யாவோர். ஏன் அதைச் சொன்னான் என்று தெரியவில்லை. "மே மாசத்துலேருந்தே வலிக்குது."

ரலிட்சா அவனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குனிந்து அடுத்த மிளகாயை எடுத்தாள். எதிர்க் கட்டடத்தில் மூன்றாம் மாடியிலும் ஆறாம் மாடியிலும் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றே இல்லை. புகை ஆற்றுப் பக்கமும் போகாமல், மேலேயும் ஏறாமல், இரண்டு கட்டடங்களுக்கும் நடுவில் அப்படியே நின்றுகொண்டிருந்தது.