வெள்ளிக்கிழமை பதினொரு மணித் தண்ணீர்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு நீல பிளாஸ்டிக் குடத்திலிருந்து வந்தது. இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்றால் சொல்லாமலே விட்டுவிடுவேன். கோவில்பட்டியில் ஒரு நாலு மாடி ஜவுளிக்கடையின் தீயணைப்புத் தொட்டித் தண்ணீரை நான் பத்து வாரம் பிடித்தேன். பிறகு அந்தக் கடையில் தீப்பிடித்தது.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். என் கதைகளில் மாமியார்கள் கடைசி அத்தியாயத்தில் திருந்திவிடுவார்கள். தப்பு செய்தவர்களை மன்னித்து எழுதிப் பழகிய கை, 'நான்' என்று எழுதத் தொடங்கினால் மட்டும் ஓட மறுக்கிறது. ஆகவே என் இடத்தில் சத்தியபாமா என்று ஒருத்தியை நிறுத்துகிறேன். [என்னைவிடக் கொஞ்சம் ஒல்லியானவள். அந்தச் சலுகையை மட்டும் கொடுங்கள்.]

2

முதல் தொடக்கம்: 'முஹ்சினாவின் கையில் மருதாணிச் சிவப்பு மங்கும் முன்பே ஹக்கீம் வேலைக்குக் கிளம்பி—'

வேண்டாம். அவர்களுக்குக் கல்யாணமாகி நாலே மாதம் என்பதும், சத்தியபாமாவின் தெருவில்தான் குடியிருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் அந்த ஜோடியைப் பார்த்துக்கொண்டு தொட்டியை மறந்துவிடுவீர்கள். எனக்கும் அதுதான் வசதி.

இரண்டாவது: 'கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த அந்தக் கோடையில்—'

இதுவும் வேண்டாம். பழியை மழையின் மேல் போடுகிற வேலை.

சரி, நடந்ததையே எழுதுகிறேன். கடையின் தீயணைப்பு ஏற்பாடுகளைக் கவனிப்பது ஹக்கீமின் வேலை. ஒவ்வொரு மாடியிலும் சிவப்புக் குழாய் சுருட்டி மாட்டியிருக்கும். தரைக்கடியில் ஒரு பெரிய தொட்டி. அந்தத் தண்ணீரை வேறு எதற்கும் தொடக்கூடாது.* வெள்ளிக்கிழமை தோறும் ஜும்மா தொழுகைக்கு முன்னால், பதினொரு மணிக்கு, ஐந்து நிமிடம் பம்பை ஓட்டிச் சோதிக்க வேண்டும். சோதனைத் தண்ணீர் பின்சந்தில் ஒரு குழாய் வழியாகக் கொட்டிச் சாக்கடைக்குப் போகும்.

* எங்கள் தெருவுக்குப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீர். பக்கத்திலேயே ஒரு தொட்டி நிறைய, வராத தீக்காகத் தண்ணீர் சும்மா கிடக்கிறது என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளங்கவைக்க முடியாது. குடத்தோடு நிற்கிறவளைப் பார்த்து 'இல்லை' என்று சொல்லவும் இங்கே யாருக்கும் வாய் வராது. ஹக்கீமுக்கும் வரவில்லை.

3

வீணாகப் போகிற தண்ணீரை முதலில் பார்த்தவள் சத்தியபாமாதான். [எங்கள் தெருச் சுடலையம்மாள் என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன்.]

"சாக்கடைக்குத்தான போவுது ஹக்கீமு? ஒரு கொடம் பிடிச்சுக்கிடட்டா?"

"பிடிங்கக்கா, இதுல என்ன இருக்கு."

அடுத்த வெள்ளிக்கிழமை பதினோரு குடங்கள். ஐந்து நிமிடச் சோதனை கால் மணி நேரமானது. பிறகு திங்கட்கிழமையும் சோதனை வந்தது. சோதனை நோட்டில் மட்டும் வாராவாரம் 'தொட்டி நிறைவு' என்றே ஹக்கீம் எழுதினான். சனிக்கிழமை தண்ணீர் லாரி வந்து நிரப்பிவிடும் என்கிற நம்பிக்கை.

"ஏட்டி, வரிசையில வா. ஒங்கப்பன் வெட்டுன கெணறா இது?"

"யக்கா, இன்னைக்குப் போதும். தொட்டி அடியோட எறங்கிட்டு. லாரியும் வரல" என்றான் ஹக்கீம்.

"நாலு வருசமா வராத தீ நாளைக்கா வரப்போவுது?" என்றாள் சத்தியபாமா.

"வந்தா நாங்களே கொடத்தோட வந்து அணைக்கோம். தொறந்து விடுலே!" என்றாள் சுடலையம்மாள். சந்தே சிரித்தது. ஹக்கீமும் சிரித்துக்கொண்டே குழாயைத் திருகித் திறந்தான்.

அந்த 'நாளைக்கா வரப்போவுது'வை வேறு யார் வாயிலாவது வைக்க முடியுமா என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன். யார் சொன்னாலும் என் குரலில்தான் கேட்கிறது.

4

புதன்கிழமை மத்தியானம் மூன்றாம் மாடியில் ஏசி வயரில் தீப்பிடித்தது. லாரி வந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த மாடியில் சேலைப் பிரிவில் நின்றவள் இசக்கிசெல்வி. தினமும் நாகலாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். ஒரு குடம்கூடப் பிடிக்காதவள்.

ஹக்கீம் சொல்லிக்கொடுத்தபடியே சிவப்புக் குழாயை இழுத்து, அதன் மூக்கைத் திருகித் திறந்தாள். ஒரு நிமிடம் தண்ணீர் வந்தது. பிறகு குழாய் இருமியது. வெறும் காற்று. வாடிக்கையாளர்களைப் படியில் இறக்கிவிட்டு, வழியில் விழுந்து எரிந்த சேலைக் கட்டுகளைக் கையால் இழுத்துப் போட்டிருக்கிறாள். தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. அவளுக்கு இரண்டு கைகளும் வெந்துவிட்டன. யாரும் சாகவில்லை.

[இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு நிம்மதியாகக் காபி போடப் போனேன். அடுப்பைப் பற்றவைக்கும்போதுதான் அதற்கு முந்தின வரி உறைத்தது.]

சுடலையம்மாள் சொன்னபடியே குடத்தோடு ஓடினாள், காவலாளி விரட்டிவிட்டார். சத்தியபாமா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

5

வால்வு கசிந்து தொட்டி காலியானதைக் கவனிக்கவில்லை என்று முதலாளி குலாம் ரசூலிடம் ஹக்கீம் சொல்லிவிட்டான். அடுத்த வியாழக்கிழமை பத்து மணிக்குக் கடையில் அதிகாரிகள் விசாரணை. அதே பேச்சில் நின்றால் வேலை போகும். வழக்கும் அவன் ஒருவன் தலையில் விழும். முந்தின நாள் முஹ்சினா சத்தியபாமாவைத் தேடி வந்தாள்.

"வால்வு கசியலன்னு நமக்குத் தெரியும்லாக்கா."

"அவன் உள்ளதச் சொல்ல வேண்டியதுதான?"

"நானும் சண்ட போட்டுப் பாத்துட்டேன். 'தண்ணி கேட்டு வந்த பொம்பளையளக் காட்டிக் குடுக்கச் சொல்லுதியா'ன்னு என்னய ஏசுதாவ. அவிய பண்ணுனது தப்புதான். ஒத்தையில பண்ணலல்லா? நீங்க படிச்சவிய. நீங்களா வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"தெருவுல எல்லார்ட்டயும் கேட்டுட்டுச் சொல்லுதேன்ட்டி. கொஞ்சம் தண்ணி குடிக்கியா?"

"வேண்டாங்க்கா."

சத்தியபாமா தெருவில் யாரிடமும் கேட்கவில்லை.

6

முடிவுகள் எனக்குக் கைவந்த விஷயம்.

குலாம் ரசூல் இளகிய மனசுக்காரர். ஆஸ்பத்திரியில் இசக்கிசெல்வியின் கட்டிலருகே ஹக்கீமைப் பார்த்து, அழுகிறவனைத் தோளில் தட்டி— [என் வாசகிகளுக்கு இது பிடிக்கும்.]

அல்லது, சுடலையம்மாள் தெருவையே கூட்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்து, "என்னயப் பிடிங்கய்யா!" என்கிறாள். பேச்சு பிரமாதமாக வந்திருக்கிறது.

அல்லது, ஹக்கீமே கடைசி நிமிடத்தில் வாயைத் திறக்கிறான்.

மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். மூன்றிலும் சத்தியபாமா வீட்டில் இருக்கிறாள்.

7

இன்று அந்த வியாழக்கிழமை. மணி ஒன்பது ஐம்பது. கடைக்கு நடந்தால் ஐந்து நிமிடம். விடிந்ததிலிருந்து, இதை எழுதி முடிப்பதும் ஒருவிதத்தில் உண்மையைச் சொல்வதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னொரு பத்தி எழுதினால் பத்தரை ஆகிவிடும். நல்ல பத்தியாகவே ஒன்று தோன்றவும் செய்கிறது.

ஜன்னலில் முஹ்சினா தெரிகிறாள். தனியாகக் கடைப் பக்கம் போகிறாள். என் வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

நான் போனேனா என்பதை இங்கே எழுதப்போவதில்லை. போனதாக எழுதுவது எனக்கு அரை நிமிட வேலை; உங்களுக்குக் கண்ணீரே வரும்படி எழுதிவிடுவேன். அதனால் என் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். கடையில் போய்க் கேளுங்கள்.