ஸுஜூதில் வந்த நித்திரை

ஜும்ஆ முடிந்து சனம் கலையத் தொடங்க, மிஹ்லார் டொக்டர் அதற்குப் பின்னான சுன்னத்துத் தொழுகையில் ஸுஜூதுக்குப் போனார். நெற்றி விரிப்பில் பட்டதுதான் தாமதம், கல்முனைக் கடலே பள்ளிவாசலுக்குள் வந்துவிட்டது. அலை இல்லை, சத்தம் இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில், அவர் மயக்க மருந்து கொடுத்த ஆட்களெல்லாம் மல்லாந்து மிதந்து வந்தார்கள். அத்தனை பேரின் மூச்சையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியது அவர்தான். பார்க்காமல் அவரும் பக்கத்தில் மல்லாந்துகொண்டார். என்ன சுகம், அல்லாஹ்வே!

பாவம், மனுசனைக் குறை சொல்லக் கூடாது. மயக்க மருந்துக்கு இருந்த மற்ற டொக்டர் அவுஸ்திரேலியாவுக்குப் பறந்ததிலிருந்து இரண்டு பேரின் வேலையும் இவர் தலையில்தான். லீவு கேட்டால் ஆள் இல்லை என்பார்கள். பின்னேரமானால் தனியார் ஆஸ்பத்திரிக்காரர் வாகனம் அனுப்புவார்கள். சம்மாந்துறைக் கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றிச் சாப்பிட இருந்தாலும், பக்கத்து ஆள் சோற்றுக் கையோடு ரிப்போர்ட்டை நீட்டுவார். 'ஏலாது' என்ற சொல் மட்டும் இந்த மனுசனின் வாயில் வராது. ஊரும் அதை நன்றாகப் பிடித்து வைத்திருந்தது.

கண் விழித்தபோது பள்ளி வெறிச்சோடிக் கிடந்தது. றஸாக் மட்டும் கண்கலங்கப் பக்கத்தில் இருந்தார். அவருடைய மகள் றிபாவுக்கு அன்று பின்னேரம் டொன்சில் ஒப்பரேஷன். பயந்துபோய் வந்தவர், இந்த நீண்ட ஸுஜூதைக் கண்டு நெஞ்சாறியிருந்தார். தட்டிப் பார்க்க வந்தவர்களைக்கூட, டொக்டர் அல்லாஹ்வோடு கதைக்கிறார் என்று சொல்லித் தடுத்துவிட்டாராம்.

"இப்பிடித் தொழுற ஆள் என்ட புள்ளேட தலமாட்டுல நிண்டா, எனக்கு என்ன பயம் டொக்டர்?"

தலையாட்டிவிட்டு எழும்பியிருக்கலாம். இவ்வளவு காலமும் அப்படித்தானே எழும்பினார். ஆனால் அந்தத் தண்ணீர் உடம்புக்குள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் அந்தப் பிள்ளையும் மிதப்பதாகத் தோன்ற, அவர் றஸாக்கின் பக்கம் திரும்பினார்.

"நான் தொழல்ல, றஸாக் காக்கா. நித்திர கொண்டுட்டன். வுழூவும் முறிஞ்சு போச்சு, திரும்பக் கழுவித்தான் தொழோணும். இண்டைக்குப் புள்ளைக்கு மருந்து குடுக்க எனக்கு ஏலாது. டொன்சில்தானே, அவசரமில்ல. இன்னொரு நாளைக்குச் செய்வம்."

சொல்லி முடித்ததும் நெல்மூட்டை ஒன்றை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. றஸாக் கோபிக்கவில்லை. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி சொல்லி, டொக்டரின் இரண்டு கைகளையும் பிடித்தார். பிடித்த கையை விடாமலே கேட்டார்.

"அப்ப, நேத்து ஆக்களுக்கு மருந்து குடுக்கக்குள்ள முழிப்பாத்தானே இருந்தீங்க, டொக்டர்?"

நேற்று மேசையில் யார் யார் படுத்திருந்தார்கள் என்று மிஹ்லார் நினைத்துப் பார்த்தார். ஒரு முகமும் வரவில்லை.