மூன்று பாத்ரூம் உள்ள வீடு

"பூட்டியிருக்குன்னா பொறுத்துக்க வேண்டியதுதான் தெய்வானை. விருந்தாளி வந்திருக்கிற நாள்ல என்னைப் போட்டு வாட்டாத."

லக்ஷ்மிப்பிரியா குரலை உயர்த்தவில்லை. சமையலறைக் கதவைப் பாதி சாத்திவிட்டு, வடையைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள். தெய்வானை அடிவயிற்றை மேடையின் விளிம்பில் அழுத்திக்கொண்டு நின்றாள். அப்படி அழுத்தினால் கொஞ்ச நேரம் தாங்கும். பல காலமாகப் பழகிய வித்தை அது.

"காலையில வந்ததுல இருந்து போகலைங்கம்மா. எரியுது."

"ரோட்டுல கடை எதுலயாச்சும் கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டேங்கம்மா. சாப்பிடுற ஆளுக்கு மட்டுந்தான்னு சொல்லிட்டாங்க."

"சரி சரி. ஐயா உன்னைக் கூப்பிடுறாரு. அவர் கேக்குறதுக்குப் பதில் சொல்லிட்டு, சீக்கிரமா வீட்டுக்குப் போ. இன்னைக்குப் பாத்திரத்தை நானே பார்த்துக்கிறேன்."

பெரிய மனசு பண்ணிச் சொன்னாள். அதில் பொய்யில்லை.

வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நின்ற அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், வாட்ச்மேன் அறைக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் இருந்தது. கட்டடத்து ட்ரைவர்மார், வாட்ச்மேன், வீட்டு வேலைக்காரப் பெண்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். முந்தின நாள் குழாய் வெடித்ததும் கதவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள்.

"பைப் திருத்துற பாஸ் வந்தாத்தான் தொறக்கணும்னு கொமிட்டி ஐயாமார் சொல்லிட்டாங்கக்கா," என்றிருந்தான் வாட்ச்மேன் இராமர். "நான் ரயில் ரோட்டுப் பக்கமா ஒதுங்கிருவேன். நீங்க பொம்பள. என்னத்தச் சொல்ல?"

மேலே, ஐந்தாம் மாடியில், லக்ஷ்மிப்பிரியாவின் புருஷன் ஆனந்தகிருஷ்ணனின் வீட்டில் மூன்று பாத்ரூம் இருந்தது. ஒன்று புருஷன் பெண்சாதிக்கு. ஒன்று மெல்பேர்னில் இருக்கும் மகன் விஷ்வாவுக்கு. அவன் வருஷத்துக்கு ஒருமுறை வருவான். மற்றது விருந்தாளிகளுக்கு. மூன்றையும் தினமும் காலையில் முழங்காலில் நின்று தேய்த்துக் கழுவுகிறவள் தெய்வானை. எந்தத் தரையோட்டில் கறை பிடிக்கும், எந்தக் குழாய் சொட்டும் என்பது அவள் கைக்குத் தெரியும். ஆனால் ஒருநாள்கூட அவற்றில் உட்கார்ந்தது கிடையாது. உட்காராதே என்று யாரும் சொன்னதும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, "உனக்குக் கீழ இருக்கு" என்றாள் லக்ஷ்மிப்பிரியா. அவ்வளவுதான். சொல்லாமல் விட்ட சட்டத்தைப் போல இறுகிய சட்டம் வேறில்லை.

இத்தனைக்கும் அது மற்ற வீடுகளைப் போன்ற வீடு இல்லை. ஆனந்தகிருஷ்ணனின் பாட்டன் செட்டியார் தெருவில் வட்டிக்கடை வைத்துப் பெருத்தவர். பேரனோ இளம் வயதிலேயே கடையை உதறிவிட்டுச் செங்கொடி பிடித்தார். வேலைநிறுத்தங்களில் அடிபட்டார். மேடையேறினால் காலனி ஆட்சிக்காரனின் தோலை உரித்துவிடுவார். வீட்டில் வேலைக்காரிக்கென்று ஒதுக்கியிருந்த தனிக் கோப்பையைத் தன் கையாலேயே குப்பையில் போட்டவர். தெய்வானையை நாற்காலியில் உட்காரச் சொல்வார். "நீங்க எங்க வீட்டு வேலையாள் இல்ல, எங்கள்ல ஒருத்தர்" என்பார். மனசாரத்தான் சொல்வார். காலையில் வந்து பொழுது சாய்ந்து போகிற ஒரு பொம்பளை நடுவில் எங்கே ஒதுங்குகிறாள் என்ற கேள்வி மட்டும் அந்த மூளையில் ஒருநாளும் எழுந்ததில்லை. உலகத்துப் பஞ்சம் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லத் தெரிந்த மூளை அது.

ஆகவே தெய்வானை தண்ணீர் குடிப்பதை விட்டாள். இரண்டு மாதத்துக்கு முன் மூத்திரத்தில் இரத்தம் கண்டது. கொட்டாஞ்சேனையில் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்பில் அடுத்த அறையில் இருக்கும் ரபீக்காதான் அவளைப் பெரியாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், அடக்கவே கூடாது, அடக்கினால் கிட்னி போய்விடும் என்றார் டொக்டர். "இவ வேல செய்ற ஊட்டு செட்டிச்சி நோனாக்கும் ஒரு துண்டு எழுதித் தாங்க டொக்டர்," என்று ரபீக்கா சொன்னபோது வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தெய்வானையும் சிரித்தாள். மறுநாளும் வேலைக்குப் போனாள். புருஷன் புறக்கோட்டையில் மூட்டை சுமந்து, மூட்டையோடேயே விழுந்து செத்தவன். அடுப்பு எரிய வேண்டுமே.

வரவேற்பறையில் இருந்தவர் யேசுரட்ணம். லண்டனில் பொருளாதாரம் படிப்பித்து ஓய்ந்தவர். மலையகத் தொழிலாளரின் வரலாற்றை எழுதுவதற்காக வந்திருந்தார். கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு மேசையில் வைத்திருந்தார்.

"அண்டைக்குக் கங்காணியின்ரை கடன் துண்டு, இண்டைக்கு நாணய நிதியத்தின்ரை நிபந்தனை," என்றார் அவர். "கயிறு ஒண்டுதான். பிடிச்சிருக்கிற கைதான் வேறை."

"அதேதான். கடனை வாங்கினவன் ஒருத்தன், வயித்தைக் கட்டுறவன் இன்னொருத்தன்," என்றார் ஆனந்தகிருஷ்ணன். "வாங்க தெய்வானை, உட்காருங்க. நாங்க புள்ளிவிவரம் பேசுறோம். இவங்க அதை வாழ்ந்தவங்க, யேசு."

தெய்வானை நாற்காலி நுனியில் தொடைகளை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். எந்தத் தோட்டம், எத்தனை பேர், எப்போது கொழும்புக்கு வந்தாள் என்று யேசுரட்ணம் கேட்டார். மஸ்கெலியாப் பக்கம் என்றாள். எட்டுப் பேர் என்றாள். தாய் செத்த வருஷம் வந்ததாகச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வயிறு குத்தியது.

"லயத்து வீட்டு வரிசையிலை மலசலகூடம் இருந்ததோ, அம்மா?"

அவள் நிமிர்ந்தாள். "லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒன்னு இருந்துச்சுங்க. கதவு இல்ல. விடியுறதுக்கு முந்தியே போயிருவோம்."

"மலையிலை கொழுந்து எடுக்கேக்கை?"

"எடுக்கையில போகணும்னா கங்காணிகிட்டச் சொல்லணும். ஆம்பளைகிட்ட எப்படிங்க சொல்றது? எங்கம்மா அடக்கிக்குவாங்க. அடக்கி அடக்கியே வயிறு வீங்கிப் போனாங்க. ரொம்ப முடியலன்னா மறைவா குந்திக்குவோம்." அவள் மூச்சை இழுத்துப் பிடித்தாள். "அங்க தேயிலைச் செடியாவது இருந்துச்சுங்க ஐயா."

ஆனந்தகிருஷ்ணன் தொடையில் தட்டினார். "கேட்டீங்களா யேசு? 'தேயிலைச் செடியாவது இருந்துச்சு!' நூறு புத்தகம் படிச்சாலும் இந்த ஒரு வரி கிடைக்குமா? அத்தியாயத்துக்குத் தலைப்பாகவே வைக்கலாம்."

"அருமை, அருமை," என்று யேசுரட்ணம் குறித்துக்கொண்டார்.

'அங்க' என்றவள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. மலையைப் பற்றிக் கேட்டார்கள். மலையைப் பற்றிய பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

"நான் கொஞ்சம் எந்திரிச்சுக்கட்டுங்களா ஐயா?"

"இன்னும் ரெண்டே கேள்விதான் தெய்வானை."

அவள் எழுந்துவிட்டாள். சமையலறைப் பக்கம் போகவில்லை. நேராக நடந்து விருந்தாளிகளின் பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டாள்.

உட்கார்ந்த பிறகு வரவில்லை. இத்தனை நேரம் வெடிக்கப் பார்த்தது, இப்போது பயந்து உள்ளே பதுங்கிக்கொண்டது. காலையில் அவளே துடைத்த கண்ணாடியில் அவள் முகம் களவெடுக்க வந்தவளின் முகம் போல் தெரிந்தது. வெளியே கதவு தட்டப்பட்டது. "தெய்வானை, உள்ள என்ன செய்ற?" அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் வந்தது, நெருப்பாக, சொட்டுச் சொட்டாக, சிவப்பாக. சீலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் தண்ணீரை இழுத்துவிட்டாள். பிரஷை எடுத்துத் தேய்த்தாள். தரையையும் ஒருமுறை துடைத்தாள். கை தன் பாட்டில் செய்தது.

கதவைத் திறந்தபோது லக்ஷ்மிப்பிரியா எதிரே நின்றாள். "கேக்காம எப்படி இதுக்குள்ள போன?"

"கேட்டேங்கம்மா. காலையில இருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்."

யேசுரட்ணமும் அந்த நேரம் பார்த்துப் பாத்ரூமுக்கென்று எழுந்து வந்தார். லக்ஷ்மிப்பிரியா அவசரமாகக் குறுக்கே கையை நீட்டினாள். "அதுக்கு வேணாம் அண்ணா. எங்க ரூம்ல இருக்கிறதுக்குப் போங்க."

லண்டன்காரருக்கு விளங்கிவிட்டது. அவர் ஆனந்தகிருஷ்ணனைப் பார்த்தார், தெய்வானையைப் பார்த்தார், திறந்து கிடந்த கதவைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, லக்ஷ்மிப்பிரியா காட்டிய அறைக்கே போனார்.

ஆனந்தகிருஷ்ணனின் முகம் கறுத்திருந்தது. அவர் தெய்வானையின் அருகே வந்தார். நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவில் சமாதானம் பேசுகிற குரல் அவருக்கு இருந்தது. அந்தக் குரலில் மெல்லச் சொன்னார்.

"மனசுல வச்சுக்காதீங்க. அவ வளர்ந்த விதம் அப்படி. ஒரே நாள்ல மாத்த முடியாது பாருங்க. நீங்க ஒருதடவை நல்லாக் கழுவி விட்டுருங்க, பிரச்சினை முடிஞ்சிரும்."

"கழுவிட்டுத்தாங்க ஐயா வந்தேன்."

"தெரியும், தெரியும். இன்னொரு தடவை. அவளுக்காக."

தெய்வானை அவரைப் பார்த்தாள். இந்த மனிதர் போட்ட சோற்றைத் தின்றிருக்கிறாள். இவர் பேச்சைக் கேட்டுக் கதவோரத்தில் நின்று அழுதும் இருக்கிறாள். வீட்டம்மாவை மாற்ற முடியாதென்று இவ்வளவு லேசாகச் சொல்கிறாரே, யாரையெல்லாமோ மாற்றப்போவதாகச் சொன்னவர்.

"முடியாதுங்க," என்றாள்.

கொக்கியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டாள். குனிந்து செருப்பைப் போட்டாள்.

"பேட்டி பாதியில நிக்குதே தெய்வானை," என்றார் அவர். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்தான் சொன்னார்.

"மிச்சத்த அம்மாகிட்டக் கேளுங்க ஐயா."

மறுநாள் விடியலில் கொட்டாஞ்சேனைத் தோட்டத்துப் பொதுக் கக்கூஸ் முன்னால், வாளியும் கையுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ரபீக்கா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா புள்ள, பம்பலப்பிட்டியில வேலைக்கு ஆள் தேடுற ஊடு ஒண்டு ஈக்கி. டொக்டர் நோனா. இண்டைக்கே வரச் செல்றா. நல்ல மனிசியாம்."

"ஒன்னுக்கு வந்தா நான் எங்க போறதுன்னு கேளு."

"எனத்தியன் கேள்வி இது? சம்பளம் கேப்பாங்க, லீவு கேப்பாங்க. ஒன்னுக்குப் போறதையா கேப்பாங்க?"

"கேளு ரபீக்கா."

ரபீக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். ரபீக்கா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"பின்னால வளவுல ட்ரைவருக்கு ஒண்டு ஈக்காம். அதுக்குப் போகட்டாம்."

"வேணாம்னு சொல்லு."

"பைத்தியமாடி ஒனக்கு? ஊட்டுல ஒரு சுண்டு அரிசி இல்ல. எல்லா ஊடும் இப்பிடித்தான் ஈக்கும்."

"அப்ப எல்லா ஊட்டுலயும் கேளு. மொதல்ல இதக் கேளு, பொறகு சம்பளத்தக் கேளு."

வரிசையில் நின்றவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களில் பாதிப்பேர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் பஸ் ஏறப்போகிறவர்கள். இந்தக் கேள்விக்குச் சிரிப்பார்கள் என்று ரபீக்கா அவர்கள் பக்கம் திரும்பினாள். ஒருத்தியும் சிரிக்கவில்லை.